மார்கழிக் கரிசல்: திருவேங்கடம் குறிப்புகள்

கரிசல் காட்டுக்கு விருந்தாளியாகப் போகிறவர்கள் மார்கழியில் போக வேண்டும். ஐப்பசியில் போனால் சகதி. ஊரே விதைப்பு அவசரத்தில் இருக்கும். சித்திரையில் போனால் கை நுழையும் அளவுக்கு வெடித்த மண்ணும் வெக்கையும்தான். மார்கழி பிற்பாதியில் மண் நடக்கிற பதத்துக்கு வந்திருக்கும், மேலே பயிர் நிற்கும். உளுந்து காய் கறுத்திருக்கும், மக்காச்சோளம் கதிர் முற்றிக்கொண்டிருக்கும், பருத்தி பூவும் பிஞ்சுமாக இருக்கும். வீட்டுக்காரர்களுக்கும் திண்ணையில் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும்.

கொல்லம் போகிற வழியில் ஒரு சனி, ஞாயிறைத் திருவேங்கடத்தில் கல்லூரி நண்பன் வீட்டில் கழித்தேன். அப்போது நோட்டில் எழுதி வைத்தவை இவை.

*

பொதிகை எக்ஸ்பிரஸில் போகிறவர்கள் ராஜபாளையத்திலேயே விழித்துக்கொள்வது நல்லது. அங்கிருந்து சங்கரன்கோவில் வரை வலது ஜன்னல் ஒரு நாடு, இடது ஜன்னல் இன்னொரு நாடு. வலது பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை. அதன் அடியில் தென்னை, நெல், புளியங்குடி எலுமிச்சை. மலையை விட்டுக் கிழக்கே தள்ளத் தள்ள நஞ்சை குறைந்து, இடது பக்கம் விரிந்த புஞ்சை மட்டும் மிஞ்சுகிறது. திருவேங்கடம் அந்த இடது பக்கத்தைச் சேர்ந்த ஊர்.

மலை கண்ணுக்குத் தெரியும், தண்ணீர் வராது. நிட்சேப நதி என்று ஒன்று கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கமாக வந்து வைப்பாற்றில் சேர்கிறது. வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் அதில் மணல்தான். நண்பனின் சித்தப்பாவை வீட்டில் எல்லாரும் சின்னையா என்கிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் சொன்னது: "மலைய நம்பி நாங்க வெதைக்கல தம்பி. மேகத்த நம்பி வெதைக்கோம்."

*

சங்கரன்கோவிலில் இறங்கியதும் பூ வாசம். இங்குள்ள பூச்சந்தை பெரியது. சுற்றுப்பட்டு ஊர்களின் பிச்சியும் மல்லியும் இங்கே ஏலம் போய்க் கேரளா வரை போகின்றன. மார்கழிப் பனியில் மல்லிகை வரத்து குறையும், விலை ஏறும். ஒரு அம்மா பையில் ஈரத்துணி விரித்து அரும்பு கொண்டுவந்திருந்தார். மொத்தமே இரண்டு கை அளவு இருக்கும். அதற்காக இருட்டில் எழுந்து, பறித்து, முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார்.

கோமதியம்மன் கோவிலுக்குள் போய்ப் புற்றுமண் எடுத்துக்கொண்டேன். ஒரே உடம்பில் சிவனும் திருமாலுமாக நிற்கும் சங்கரநாராயணர் இந்தக் கோவிலின் மூர்த்தி. ஆடித்தபசு அன்று அம்மனுக்கு இந்த வட்டாரத்து விவசாயிகள் பருத்தி, வத்தல், தானியம், காய்கறி என்று தங்கள் காட்டில் விளைந்ததை அள்ளி வீசுவார்கள். விளைச்சலில் முதல் பங்கைத் தெய்வத்தின் மேலேயே இறைக்கிற அந்தக் கூட்டத்தில் ஒருமுறை நின்றவர்களுக்கு, மானாவாரி விவசாயியின் நன்றி எவ்வளவு உரத்தது என்று தெரியும்.

*

திருவேங்கடம் இப்போது தென்காசி மாவட்டம். 2019 நவம்பர் 22-இல் மாவட்டம் பிரிந்தது. வயதானவர்கள் இன்னும் திருநெல்வேலி ஜில்லா என்றுதான் சொல்கிறார்கள். ஊர் பேரூராட்சி, தாலுகா ஆபீஸ் இருக்கிறது. சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஜவுளிக்கும் ஒருவர் சங்கரன்கோவிலுக்குப் போகிறார், இன்னொருவர் கோவில்பட்டிக்கு, மற்றொருவர் சிவகாசிக்கு. மூன்று டவுனுக்கும் நடுவில் இருக்கிற ஊர்.

நண்பனின் அம்மா வாசலிலேயே நின்றிருந்தார்.

"எய்யா, ரயில்ல ஒறங்காம வந்த பிள்ள. மொதல்ல பல்ல வெளக்கிட்டுக் காப்பியக் குடி. பேச்செல்லாம் பொறவு."

கருப்பட்டிக் காப்பி. சுக்கு கொஞ்சம் தூக்கலாக. பனிக்காலைக்கு அதைவிடப் பொருத்தமானது எதுவும் எனக்குத் தெரியாது.

*

காட்டில்

"மாப்ள, செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு வா. கரிசல்ல செருப்பு ஆகாது" என்றான் நண்பன். இரண்டு நாளைக்கு முன்னால் ஒரு தூறல் விழுந்திருக்கிறது. மேல்மண் காய்ந்த மாதிரி தெரிகிறது. பத்து எட்டு வைப்பதற்குள் காலடியில் ஒரு விரல் கனத்துக்கு மண் அப்பிக்கொள்கிறது. குச்சியால் வழித்துப் போட்டுவிட்டு மறுபடி நடக்க வேண்டும்.

இந்த ஒட்டும் குணம்தான் இங்கே சோறு போடுவது. கரிசலில் களி அதிகம். மழை பெய்தால் அந்தக் களி ஊதி, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே காய்ந்தாலும் ஒரு சாண் அடியில் ஈரம் கிடக்கும். மழை நின்று வாரக்கணக்கில் ஆன பிறகும் செடி அந்த ஈரத்தைக் குடித்துக்கொண்டு நிற்கும். கோடையில் களி சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். மேல்மண் அந்த வெடிப்புக்குள் உதிர்ந்து விழும். அடுத்த மழையில் வெடிப்பு மூடும்போது மேல்மண் கீழே போயிருக்கும், கீழ்மண் மேலே ஏறியிருக்கும். உழாமலே ஒரு உழவு. மகாராஷ்டிரத்துப் பருத்திக் காடுகளும் சூடானின் கெசீராச் சமவெளியும் இதே இனத்து மண்தான்.

வடகிழக்குப் பருவமழை ஒன்றை நம்பித்தான் எல்லாம். புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசியிலோ விதைப்பு. சில வருஷம் மழைக்கு முன்னாலேயே புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிறார்கள். முதல் மழை சரியாக விழுந்து நடுவில் இருபது நாள் விட்டுவிட்டால் முளைத்தது கருகும். கடைசியில் அறுவடை நேரத்தில் கொட்டினால் காய் செடியிலேயே முளைக்கும். எவ்வளவு பெய்தது என்று பேப்பரில் போடுகிறார்கள். எப்போது பெய்தது என்பதுதான் இவர்களுக்குக் கணக்கு.

இந்த மண்ணையும் மழையையும் ஆராய்வதற்காகவே கோவில்பட்டியில் 1901-லிருந்து வேளாண் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. நூற்றிருபது வருஷத்தைத் தாண்டிவிட்டது. கருங்கண்ணிப் பருத்தியின் பெயரைப் பழைய ஆட்கள் இன்னும் மரியாதையோடு சொல்கிறார்கள். கட்டை இழைதான், ஆனால் வறட்சி தாங்கும், பூச்சிக்கு அவ்வளவாகப் பணியாது. மில்கள் நீள இழை கேட்க ஆரம்பித்ததும் அது காட்டை விட்டுப் போனது.

*

பொழி என்கிற வரப்பு ஓரமாகக் கொஞ்சம் கொண்டைக்கடலை விதைத்திருந்தார்கள். வெயில் ஏறுவதற்கு முன்னால் அந்த இலையைத் தடவி விரலை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னார் சின்னையா. நல்ல புளிப்பு. பனியோடு சேர்ந்து செடி கக்குகிற புளிப்பு அது. முன்பெல்லாம் ராத்திரி செடி மேல் வெள்ளைத்துணி விரித்து, காலையில் பிழிந்து, வயிற்றுக் கோளாறுக்கு வைத்துக்கொள்வார்களாம். சித்த வைத்தியத்தில் கடலைக்காடி என்பது இதுதான். மழை இல்லாத மாதத்திலும் பனியைக் குடித்தே கடலை விளைந்துவிடும் என்கிறார்.

*

மக்காச்சோளக் காட்டைச் சுற்றிலும் சேலைகள். சிவப்பு, ஊதா, மஞ்சள், பூப்போட்டது, கட்டம் போட்டது எல்லாம் குச்சி நட்டு இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் திருவிழாப் பந்தல். காட்டுப்பன்றிக்காகக் கட்டிய வேலி அது. காற்றில் சேலை ஆடினால் பன்றி தயங்கும் என்று ஒரு நம்பிக்கை. பழைய சேலை கிலோ கணக்கில் வாங்கிக் கட்டுகிறார்கள். ஒரே ராத்திரியில் பன்றிக்கூட்டம் புகுந்து மிதித்துப் போட்ட ஒரு மூலையையும் பார்த்தேன். தட்டை எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, கடித்துத் துப்பிய கதிர்கள் சிதறிக் கிடந்தன. அந்தக் காட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் சாய்ந்த தட்டைகளை மாட்டுக்கு அறுத்துக்கொண்டிருந்தார். நட்ட ஈட்டுக்கு எழுதிக் கொடுத்தால் வருமா என்று கேட்டேன். எழுதிக் கொடுக்க ஒரு நாள் கூலி போகும், அலைய இன்னும் சில நாள் போகும் என்றார்.

2018-இல் இந்தியாவுக்குள் வந்த படைப்புழு இந்த வட்டாரத்து மக்காச்சோளத்தையும் அந்த வருஷமே தின்றது. அதிலிருந்து மருந்துச் செலவு வருஷா வருஷம் உண்டு. அப்படியும் மக்காச்சோளத்தை விட முடியவில்லை. கம்பும் நாட்டுச்சோளமும் குதிரைவாலியும் இருந்த இடம் இது. "சோளம் போட்டா சோறு, மக்காச்சோளம் போட்டா ரூவா" என்று சின்னையா கணக்கை முடித்துவிட்டார். விளைவதெல்லாம் கோழித்தீவனத்துக்குப் போகிறது.

*

இங்கிலாந்தில் தனியார் வயல்களுக்கு நடுவிலும் பொதுமக்கள் நடப்பதற்கு உரிமையுள்ள ஒற்றையடிப் பாதைகள் உண்டு. 1949-இல் வந்த ஒரு சட்டப்படி ஊர் ஊராக அவற்றை வரைபடத்தில் பதிந்து வைத்திருக்கிறார்கள். சனி, ஞாயிறுகளில் நகரத்து ஆட்கள் கிராமத்து நண்பர் வீட்டில் தங்கி, அந்தப் பாதைகளில் மைல் கணக்கில் நடந்து, திரும்பி வந்து டீ குடிப்பது அங்கே ஒரு வழக்கம். நமக்கு அந்த வழக்கம் இல்லை. கிராமம் என்றால் கொடைக்கும் கல்யாணத்துக்கும் துஷ்டிக்கும் போய்விட்டு அன்றைக்கே திரும்புகிற இடம். நடப்பதற்காக மட்டும் போய்ப் பார்க்கலாம். இந்தப் பொழிகளில் பலகை இல்லை, வரைபடம் இல்லை. ஆனால் யாரும் தடுக்கவும் இல்லை. எதிரில் வந்தவர்கள் எல்லாரும் இரண்டு கேள்வி கேட்டார்கள்: எந்த ஊரு, யார் வீட்டுக்கு வந்திருக்கிய. பதில் சொன்னால் போதும். ஒரு ஆத்தா மடியிலிருந்து பாசிக்காய் ஒரு கை அள்ளிக் கொடுத்துவிட்டுப் போனார்.

*

மத்தியானச் சாப்பாடு

உளுந்தஞ்சோறு. இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும். சென்னையில் ஓட்டல் ஓட்டலாகத் தேடினாலும் இந்த ருசி கிடைக்காது.

தொலி உளுந்து வேண்டும், வெள்ளை உளுந்து உதவாது. போன வருஷம் இதே காட்டில் விளைந்து, திரிகையில் உடைத்து வைத்தது. வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு என்று சேர்த்து, முழுப் பூண்டு நிறையப் போட்டு, வெந்தயம், சீரகம், கல்லுப்பு, தேங்காய்த் துருவல் எல்லாம் ஒன்றாகப் போட்டுக் குழையாமல் பொங்க வேண்டும். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். மேலே ஒரு குழிக்கரண்டி நல்லெண்ணெய். நண்பன் வீட்டில் அன்றைக்கு நாட்டுக்கோழிக் குழம்பும் இருந்தது. ஆனால் துவையலோடு சாப்பிடும்போதுதான் உளுந்தின் மண்வாசம் முழுதாகத் தெரிகிறது.

வயசுக்கு வந்த பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் இடுப்புக்கு வலு என்று இதைக் கொடுப்பார்கள். "ஆம்பளப் பிள்ளைகளுக்கும் இடுப்பு இருக்குல்லா, நீயும் தின்னு" என்று அம்மா இன்னொரு கரண்டி வைத்தார்.

மிதுக்கு வத்தல் பொரித்திருந்தார்கள். மிதுக்கு கரிசல் காட்டில் தானாகப் படர்கிற கொடி. விரல்நுனி அளவு காய். கீறி, உப்பு மோரில் ஊறப்போட்டு, காயவைத்து எடுத்து வைக்கிறார்கள். லேசான கசப்பு. களைக்கொல்லி அடிக்க ஆரம்பித்த பிறகு காட்டில் மிதுக்கு குறைந்துவிட்டது என்றார் அம்மா. யாரும் விதைக்காத செடி என்பதால் யாரும் அதற்காக வருத்தப்படுவதும் இல்லை. எனக்கு வருத்தமாக இருந்தது.

*

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீ. பெண்களை ஏற்றிக்கொண்டு வேன்கள் வந்து நிற்கின்றன. தீப்பெட்டி ஆபீஸ், வெடி ஆபீஸ் வேன்கள். மழை பொய்த்த வருஷம் இந்த ஊர்களைப் பட்டினியிலிருந்து காத்தவை இந்த ஆபீஸ்கள்தான். சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். மானாவாரிப் பூமியின் காய்ந்த வெயிலே அந்தத் தொழிலுக்கு மூலதனம். அதிலிருந்து நூறு வருஷமாகக் கரிசல் பெண்கள் கட்டை அடுக்கியும் பெட்டி ஒட்டியும் பண்டல் போட்டும் குடும்பத்தை நடத்துகிறார்கள்.

தீப்பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயானது 2021 டிசம்பர் 1-இல். அதற்கு முன்னால் பதினாலு வருஷம் ஒரே விலை. அட்டை, மெழுகு, ரசாயனம் எல்லாம் ஏறின அத்தனை வருஷமும் அந்த ஒரு ரூபாய் நின்றது என்றால், நடுவில் யாருடைய கூலி ஏறாமல் நின்றிருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம். இருபது ரூபாய்க்குக் குறைவான லைட்டர் இறக்குமதிக்கு 2023-இல் தடை வந்தபோது இங்கே டீக்கடைகளில் அதைப் பெரிய செய்தியாகப் பேசினார்களாம்.

வேனிலிருந்து இறங்கிய ஒரு பெண்ணின் விரல் நுனிகள் சாம்பல் நிறத்தில் இருந்தன. வெடி ஆபீஸ் என்றான் நண்பன் மெதுவாக. விபத்துச் செய்தி வரும்போது பேப்பரில் எண்ணிக்கையைப் படித்துவிட்டுப் புரட்டிவிடுகிறோம். அந்த எண்ணிக்கை இந்த வேன்களில் வருகிறவர்கள். முகத்துக்கு மஞ்சள் பூசி, தூக்குவாளியோடு போய் வருகிறவர்கள்.

*

கலிங்கப்பட்டி பக்கத்து ஊர். வைகோவின் ஊர் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். 2015-இல் அங்கே மதுக்கடையை மூடச் சொல்லி ஊர் திரண்டபோது அவருடைய தாயார் மாரியம்மாளும் முன்னால் வந்து நின்றார். நூறு வயதை நெருங்கியவர். டீக்கடையில் அதை இன்றைக்கும் சொல்கிறார்கள், கட்சி பேதம் இல்லாமல்.

*

ராத்திரி மொட்டை மாடியில் பாய். பனி இறங்குவதால் தலைக்குத் துண்டு. பேச்சு எங்கெங்கோ போய்க் கி.ராவில் வந்து நின்றது. இந்தப் பக்கத்தில் புத்தகம் படிக்கிற யாரோடு பேசினாலும் அரை மணி நேரத்தில் கி. ராஜநாராயணன் வந்துவிடுகிறார். இடைசெவல் இங்கிருந்து தூரமில்லை. 1923 செப்டம்பரில் அந்த ஒரே சிற்றூரில் கி.ராவும் கு. அழகிரிசாமியும் ஒரு வார இடைவெளியில் பிறந்தார்கள். பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாத கி.ரா 1982-இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி கொண்டுவந்தார். பல்கலைக்கழகங்கள் செய்ய வேண்டிய வேலையை ஒரு சம்சாரி தன் வீட்டுத் திண்ணையிலிருந்து செய்தார். 2021 மே மாதம் அவர் போனபோது நாங்கள் ஊரடங்கில் ஆளுக்கொரு ஊரில் அடைபட்டிருந்தோம். போனில் அழுதது நினைவிருக்கிறது என்றான் நண்பன்.

பக்கத்து வீட்டில் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டில் தமிழ். இங்குள்ள பிள்ளைகள் இரண்டையும் பேசி வளர்கிறார்கள்.

*

ஞாயிறு, கழுகுமலை

விடியும்போதே கிளம்பிவிட்டோம். திருவேங்கடத்திலிருந்து தெற்கே, பைக்கில் அரை மணி நேரம். வெயில் ஏறிவிட்டால் பாறை கொதிக்கும். ஏழு மணிக்குள் மேலே இருக்க வேண்டும்.

வெட்டுவான் கோயிலைப் படத்தில் பார்ப்பதற்கும் நேரில் பார்ப்பதற்கும் சம்பந்தம் இல்லை. மலையின் சரிவில் நாலு பக்கமும் பள்ளம் வெட்டி, நடுவில் விட்ட பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். எட்டாம் நூற்றாண்டு, பாண்டியர் காலம். எல்லோராவில் கைலாசநாதர் கோயில் உருவான அதே நூற்றாண்டு, அதே முறை. விமானம் முடிந்துவிட்டது. கீழ்ப்பகுதி முடியவில்லை, அடித்தளம் வெறும் பாறையாகவே நிற்கிறது. உளி பட்ட தடம் அப்படியே இருக்கிறது. ஏன் விட்டார்கள் என்பதற்கு ஊரில் அப்பன், மகன் சிற்பிகள் கதை சொல்வார்கள். அந்தக் கதை வேண்டியதில்லை. முடியாமல் நிற்பதால்தான் எப்படி வேலை செய்தார்கள் என்று நமக்குத் தெரிகிறது.

தென்பக்கத்தில் தட்சிணாமூர்த்தி. மற்ற ஊர்களில் அவர் மௌனமாக இருந்து உபதேசம் செய்வார், இல்லையென்றால் வீணை வைத்திருப்பார். இங்கே மிருதங்கம் வாசிக்கிறார். தலை லேசாகச் சாய்ந்திருக்கிறது, விரல்கள் தோலின் மேல் இருக்கின்றன. தாளத்தில் லயித்த முகம். கல்லில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அங்கிருந்து இன்னும் கொஞ்சம் ஏறினால் சமணர் பள்ளி. பாறைச் சுவரில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், நூறு உருவங்களுக்கு மேல் என்று சொல்கிறார்கள். காலில் கொடி சுற்றிய பாகுபலி, பக்கத்தில் இரண்டு சகோதரிகள். பார்சுவநாதர் மேல் பாறையைத் தூக்கி எறிய வருகிற எதிரி, குடை பிடிக்கிற நாகம். சிங்கத்தோடு அம்பிகா. இவ்வளவையும் விட என்னை நிறுத்தியவை அந்த உருவங்களுக்குக் கீழே உள்ள சின்னச் சின்ன வட்டெழுத்துக் கல்வெட்டுகள். யார் செய்வித்தது, யார் பேரில் என்று ஒவ்வொன்றிலும் இருக்கிறது. ராஜா பெயர் வரிசை இல்லை; ஊர்ப் பெயர்களும் ஆட்களின் பெயர்களும். குயவர், தச்சர் என்று கைத்தொழில் செய்தவர்களும் உண்டு. பெண் துறவிகளான குரத்தியர் பெயர்கள் வருகின்றன. குமரிப் பக்கத்துத் திருச்சாரணத்திலிருந்து, அதாவது இன்றைய சிதறாலிலிருந்து, வந்த குரத்தியின் பெயரும் உண்டு. ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னால் இந்த வெயில் காட்டில் பெண்கள் மாணாக்கர்களோடு ஒரு கல்விச்சாலையில் இருந்திருக்கிறார்கள்.

அதே இடத்தில் ஒரு அய்யனாரும் இருக்கிறார், பொங்கலிட்ட அடுப்புக் கற்களும் கரியும் கிடக்கின்றன. இங்கே யாரும் யாரையும் வெளியேற்றவில்லை என்று எழுதலாம் போலிருந்தது. ஆனால் பாறையில் கிறுக்கிய காதலர் பெயர்களையும் உடைந்த பாட்டில்களையும் பார்த்த பிறகு கோபம்தான் வந்தது. ஒரு தீர்த்தங்கரர் முழங்காலுக்குப் பக்கத்தில் இரண்டெழுத்து வெள்ளை பெயின்டில். கழுகுமலைப் பள்ளிக்கூடங்கள் மாதம் ஒரு வகுப்பை இங்கே கூட்டிவந்து ஆசிரியர்கள் அந்தக் கல்வெட்டுகளில் ஒன்றைப் படித்துக் காட்டினாலே போதும், அடுத்த தலைமுறை பெயின்ட் டப்பா எடுக்காது.

கீழே கழுகாசலமூர்த்தி கோவில், குடைவரை. காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியார் இந்த முருகனுக்குத்தான் பாடினார். கரிவலம்வந்தநல்லூர் பக்கம் சென்னிகுளத்துக்காரர். பிறந்தது 1865, இறந்தது 1891. ஊற்றுமலை ஜமீனில் புலவராக இருந்தார். முப்பது வயதைக்கூடத் தொடாதவர் போட்ட மெட்டில்தான் இன்னும் காவடி ஆடுகிறது.

*

வெம்பக்கோட்டைக்குப் போக நேரமில்லை. வைப்பாற்றங்கரையில் விஜயகரிசல்குளம் மேட்டுக்காட்டில் 2022-லிருந்து தமிழகத் தொல்லியல் துறை தோண்டி எடுத்தவற்றில் சங்கு வளையல்கள், சுடுமண் பொருள்கள், காளை பொறித்த சூதுபவளம் எல்லாம் உண்டு. வறண்ட பூமி, பிழைக்க வழியில்லாத பூமி என்று இதைச் சொல்கிறவர்கள் அந்தச் சூதுபவளத்தின் படத்தையாவது பார்க்க வேண்டும். வியாபாரமும் கைவினையும் இருந்த பூமி.

*

திரும்பும் வழியில் ரோட்டில் உளுந்து காயப்போட்டிருந்தார்கள். செடியைப் பிடுங்கித் தார் ரோட்டில் பரப்பிவிட்டால் போகிற லாரியும் பஸ்ஸும் மிதித்துக் கொடுக்கும். சாயங்காலம் தட்டைத் தள்ளித் தூற்றி அள்ளிக்கொள்ளலாம். பைக்கில் போகிறவர்களுக்கு வழுக்கும் என்பதால் ஆபத்தான பழக்கம்தான். களம் இல்லாத ஊரில் வேறு வழியும் இல்லை. கிராமத்துக்கு ஒரு சிமென்ட் களம் போடுவது பெரிய செலவா?

தூற்றிக்கொண்டிருந்த பெண்ணிடம் சின்னையா பேர் சொல்லிப் பேச்சுக் கொடுத்தேன். "வெல என்ன போகுதுன்னு கேக்கியளா? யாவாரி சொல்றதுதான் வெல" என்றார். 2025-26-க்கு மத்திய அரசு உளுந்துக்கு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய், கிலோவுக்கு 78. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குக் கொண்டுபோனால் ஈரப்பதம் பார்ப்பார்கள், தரம் பார்ப்பார்கள், பணம் பிறகு வரும். விதைக்கடனும் மருந்துக்கடனும் தைப்பொங்கலும் ஒன்றாக நிற்கும்போது காத்திருக்க முடியாது. இருக்கிற இடத்துக்கே சாக்கோடு வருகிற வியாபாரிக்குப் போட்டுவிடுகிறார்கள். அதே உளுந்து தோல் நீக்கி, பாலிஷ் போட்டு, பாக்கெட்டில் அடைத்துச் சென்னைக்கு வரும்போது நாம் கொடுக்கிற விலையை யோசித்துக்கொண்டே நின்றேன். நடுவில் மழைக்கும் பன்றிக்கும் புழுவுக்கும் பயந்து நாலு மாதம் காவல் இருந்தவர்களுக்கு அதில் வருகிற பங்கு ரொம்பக் குறைவு. இது நியாயமே இல்லை.

*

குற்றாலத்துக்கும் கொல்லத்துக்கும் வருஷத்துக்கு எத்தனையோ பேர் இந்த வழியாகப் போகிறோம். ஜன்னலுக்கு வெளியே காய்ந்த காடு என்று திரை இழுத்துவிட்டுத் தூங்குகிறோம். சங்கரன்கோவில், திருவேங்கடம், குருவிகுளம் பக்கம் உங்களுக்கும் ஒரு பழைய கல்லூரித் தோழரோ ஆபீஸ் நண்பரோ இருப்பார். மார்கழியில் ஒரு போன் போட்டு வரட்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். போனால் காட்டில் நடங்கள், கழுகுமலை ஏறுங்கள், உளுந்தஞ்சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். கிளம்பும்போது அவர்களிடமிருந்தே வருஷத்துக்கு வேண்டிய உளுந்தை வாங்கிக்கொள்ளுங்கள். பேரம் பேசாமல், உங்கள் ஊர்க் கடையில் என்ன விலையோ அதைக் கொடுங்கள்.